கைமாறும் குழல்முனை

அமெரிக்காவில் வார இறுதிகளில் நடக்கும் துப்பாக்கிச் சந்தைகளில், புது ரைஃபிள்கள் அடுக்கிய மேசைகளைவிடப் பழைய பாகங்களை டப்பாக்களில் கொட்டி வைத்திருக்கும் மேசைகளே என்னை நிறுத்துகின்றன. ட்ரிக்கர், ஸ்பிரிங், கைப்பிடி, கழற்றிய பேரல், போல்ட். ஒரு டப்பா நிறையக் குழல்முனைத் துண்டுகள். கட்டைவிரல் நீள எஃகு; ஒரு முனையில் உள்மரை, உடம்பில் வெட்டுத் துளைகள், உட்சுவரில் இறுகிப்போன கரிப்படிவு. விலை எழுதிய ஒட்டுத்தாள் இருக்கிறது. அது எந்தத் துப்பாக்கியில் இருந்தது, எத்தனை தோட்டாக்களைப் பார்த்தது என்று சொல்லும் தாள் இல்லை. வாங்குபவரிடம் யாரும் பெயர் கேட்பதும் இல்லை.

பழைய பாகம் விற்பதில் தவறில்லை என்றே நினைக்கிறேன். எது வெறும் பாகம், எது துப்பாக்கி என்று அமெரிக்கச் சட்டம் கோடு கிழித்த இடம்தான் தவறு.

குழல்முனைத் துண்டுகள் இவ்வளவு கைமாறுவதற்குக் காரணம் உண்டு. மஸில் பிரேக் குண்டுக்குப் பின்னால் பாயும் வாயுவைப் பக்கவாட்டில் திருப்பி, தோளில் விழும் உதையைக் குறைக்கும். ஆனால் அப்படித் திருப்பிய ஓசை பக்கத்தில் நிற்பவர் காதில் அறையும். சுடுதளத்தில் நாலு பேர் முகம் சுளிப்பதைப் பார்த்தவர் அதைக் கழற்றிவிட்டு, வெளிச்சத்தை மட்டும் அடக்கும் ஃப்ளாஷ் ஹைடரைத் தேடுவார். சைலன்ஸர் வாங்கியவருக்கு அதன் பூட்டுக்குப் பொருந்தும் முனை வேண்டும்; பழையது டப்பாவுக்குப் போகும். தேய்ந்ததால் விற்பவரைவிட, தேவை மாறியதால் விற்பவரே இங்கு அதிகம். அதனால்தான் இந்தத் துண்டைப் பழையதாக வாங்குவது பெரும்பாலும் நல்ல பேரம்.

மாட்டுவதும் கழற்றுவதும் எளிதானது ஒரே அளவு பரவியதால். யூஜின் ஸ்டோனர் ஆர்மலைட் நிறுவனத்தில் 1950களின் பிற்பகுதியில் வடிவமைத்த ஏஆர்-15 ரைஃபிள் பிறகு கோல்ட் நிறுவனத்தின் கைக்கு வந்தது. அதன் முக்கியக் காப்புரிமைகள் 1977இல் காலாவதியாயின. இன்று எத்தனையோ நிறுவனங்கள் அதே அளவில் பாகங்கள் செய்கின்றன. 5.56 மி.மீ. குழலின் முனையில் அரை அங்குல விட்டத்தில், அங்குலத்துக்கு 28 மரை. ஒருவர் கழற்றியது இன்னொருவருக்கு அப்படியே பொருந்தும்.

அந்த வசதியிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. 9 மி.மீ. கைத்துப்பாக்கிக் குழல்கள் பலவற்றிலும் அதே அரை அங்குலம், அதே 28 மரைதான். எந்தத் தோட்டாவுக்கு என்ற பொறிப்பு அழிந்துபோன துண்டு இரண்டிலும் வழவழவென்று ஏறும். 5.56க்கான சிறிய துளை வழியே 9 மி.மீ. குண்டு போகாது. மேசையில் எடுத்ததும் நான் முதலில் பார்ப்பது துளையின் விட்டத்தைத்தான். அடுத்து மரையின் முதல் இரண்டு சுற்றுகள். கோணலாக ஏற்றி முறுக்கியிருந்தால் அங்கே தெரிந்துவிடும். பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, குண்டு வெளியேறும் துளையின் விளிம்பைப் பார்ப்பேன். ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று சுரண்டியிருந்தால் குண்டு உரசிப் போயிருக்கிறது. அதை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். இவ்வளவும் ஒரு நிமிட வேலை. இந்தத் துண்டு தன் குறையை மறைப்பதில்லை.

பேரலும் போல்ட்டும் மறைக்கும். தோட்டா அமரும் அறைக்குச் சற்று முன்னால், வெப்பத்தில் பேரலின் உட்சுவர் அரிக்கப்படுகிறது. உள்நோக்குக் கருவி இல்லாமல் அதைக் கண்ணால் காண முடியாது. பழைய காருக்கு ஓடோமீட்டராவது உண்டு. ரைஃபிளுக்கு, "முந்நூறு தோட்டாதான் சுட்டேன்" என்ற விற்பவரின் வாய்ச்சொல் மட்டுமே. ஏஆர்-15 போல்ட்டின் தலையில் ஏழு பூட்டுப் பற்கள் இருக்கின்றன. .223 ரக தோட்டாவின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 55,000 பவுண்டு வரை போகும். ஒவ்வொரு முறையும் அதைத் தாங்குவது அந்தப் பற்கள்தான். அவற்றின் வேரிலும், போல்ட்டைத் திருப்பும் கேம் பின் செல்லும் துளையின் ஓரத்திலும் மயிரிழை விரிசல் விழும். எண்ணெய் தடவித் துடைத்தால் அதுவும் கண்ணுக்குத் தப்பிவிடும். ஒரு ரைஃபிளில் தேய்ந்த போல்ட்டை இன்னொன்றின் பேரலோடு சேர்க்கும்போது தோட்டா அமரும் இடைவெளி சரியாக இருக்கிறதா என்று அளவுகோல் வைத்துச் சோதிக்க வேண்டும். வாங்குபவர்களில் பலரிடம் அந்த அளவுகோல் கிடையாது. ரைஃபிளோ நேராக முகத்துக்குப் பக்கத்தில் வெடிக்கும் பொருள்.

பழைய கார்ச் சந்தையை வைத்துப் பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் எழுதிய ஆய்வு இங்கே அப்படியே பொருந்துகிறது. குறை விற்பவருக்கு மட்டும் தெரியும் சந்தையில், நல்ல பொருள் வைத்திருப்பவர் உரிய விலை கிடைக்காமல் விலகிவிடுவார். கவனமாகப் பயன்படுத்திய நல்ல பேரலை யாரும் டப்பாவில் போடுவதில்லை. பெரிய நிறுவனங்களின் தடைகளும் நிலைமையைச் சிக்கலாக்கின. 2007இல் ஈபே துப்பாக்கிப் பாகங்களுக்கான விதிகளை இறுக்கியது. 2016இல் ஃபேஸ்புக் தனியார் துப்பாக்கி விற்பனையைத் தடுத்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் வணிகம் நிற்கவில்லை. புகாரும் பணம் திரும்பப்பெறும் வழியும் இருந்த இடத்திலிருந்து, நம்பிக்கையை மட்டும் வைத்துப் பணம் அனுப்பும் இடங்களுக்கு நகர்ந்தது.

இந்த வணிகத்துக்கு ஒரு பெருமையும் உண்டு. இரண்டாம் உலகப் போரின் லீ-என்ஃபீல்டு நான்காம் எண் ரைஃபிளுக்கு போல்ட்டின் தலை தனியாகக் கழன்று வரும்; 0 முதல் 3 வரை எண்ணிட்ட நான்கு அளவுகளில் அதைச் செய்தார்கள். தேய்ந்த ரைஃபிளுக்கு அடுத்த எண்ணைப் பொருத்தினால் இடைவெளி சரியாகிவிடும். இன்று அந்தத் தலைகள் கிடைப்பது பழைய பாகம் விற்பவர்களிடம்தான். போருக்குப் பின் வேட்டைக்காக மரக்கட்டை அறுக்கப்பட்ட ரைஃபிள்களை, துண்டு துண்டாகத் தேடி மீண்டும் முழுதாக்கும் மனிதர்களை எனக்குத் தெரியும். அந்தப் பொறுமையை மதிக்கிறேன்.

இனி சட்டம். 1968இன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அமெரிக்காவில் ஒரு துப்பாக்கியின் பாகங்களில், மற்றவற்றைத் தாங்கும் உடற்பகுதியான ரிசீவர் அல்லது ஃபிரேம் மட்டுமே துப்பாக்கி. தொடர் எண்ணும் பின்னணிச் சோதனையும் அதற்குத்தான். பேரல், போல்ட், ட்ரிக்கர் எல்லாம் கூட்டாட்சிச் சட்டத்தின் கண்ணில் சாதாரண இரும்புச் சாமான். குழல்முனைத் துண்டுக்கோ விசித்திரமான விதிகள். தாக்குதல் ஆயுதங்கள் மீது 1994 முதல் 2004 வரை இருந்த கூட்டாட்சித் தடையில் ஃப்ளாஷ் ஹைடர் தடைக்குரிய அம்சங்களில் ஒன்று. மஸில் பிரேக் அப்படியில்லை. கலிபோர்னியாவில் இன்றும் அந்த வேறுபாடு செல்லுபடியாகிறது. பதினாறு அங்குலத்துக்குக் குறைந்த பேரல் பூட்டிய ரைஃபிள் தனிப் பதிவுக்குரியது, அதனால் 14.5 அங்குல பேரலில் முனைத் துண்டைப் பற்றவைத்து நீளத்தைச் சரிக்கட்டுவார்கள். அப்படிப்பட்ட பழைய பேரலை வாங்கி ரைஃபிளில் பூட்டிய பின், விவரம் தெரியாமல் முனையை அறுத்து எடுத்தால், அந்த நொடியே குற்றம். சிக் சாவர் நிறுவனம் மஸில் பிரேக் என்று கொண்டுவந்த ஒன்பதரை அங்குலத் துண்டு உண்மையில் சைலன்ஸரின் உட்பாகம் என்ற அரசின் முடிவை 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. ஒரு பெரிய நிறுவனமே தடுமாறிய இடத்தில், டப்பாவைக் கிளறுபவர் என்ன செய்வார்?

வெடிப்பைத் தாங்கும் பாகங்களுக்குப் பதிவில்லை, குழல்முனைத் துண்டுக்கு வழக்கு. இதுதான் தலைகீழ். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2017ஆம் ஆண்டு உத்தரவு பேரலையும் போல்ட்டையும் ரிசீவரோடு சேர்த்து இன்றியமையாத பாகங்கள் என்று வகைப்படுத்தி, அடையாளமிடச் சொல்கிறது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் எண்ணில்லாத ரிசீவரை வீட்டில் முடித்து, மற்ற பாகங்களைப் பழையதாக வாங்கிப் பூட்டிவிடலாம். அப்படி வீட்டில் முடிக்க விற்கப்படும் தொகுப்புகளைக் கட்டுப்படுத்தும் 2022ஆம் ஆண்டு விதியை உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் 7-2 என்று ஏற்றது. ஆனாலும் டப்பாவில் இருக்கும் பேரல் அதன் எல்லைக்கு வெளியேதான் நிற்கிறது. யாரையோ கொன்ற துப்பாக்கியின் பேரலைக் கழற்றி விற்றாலும், அது இன்னொருவர் கையில் பெயரில்லாமல் கிடக்கும். எனக்கு உறுத்துவது இதுதான்.

அங்கே வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர், வேட்டை உரிமம் போன்ற விதிவிலக்கு இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது குற்றம். சந்தையில் யாரும் தடுக்கவில்லையே என்று பாகங்களை வாங்கி, நண்பருக்குப் பரிசாகப் பெட்டியில் போட்டு ஊருக்குக் கொண்டுவருவது இன்னும் பெரிய தவறு. அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாடு ஒருபுறம். இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஆயுதத்தின் பாகத்தையும் ஆயுதம் என்றே வரையறுக்கிறது. அங்கே இரும்புச் சாமானாக இருந்தது சென்னை விமான நிலையத்தில் ஆயுதமாகிவிடும்.

பேரலுக்கும் போல்ட்டுக்கும் எண் வேண்டும் என்றால், பழைய ரைஃபிளைச் சீர்செய்பவர்களுக்குத் தொல்லை என்பார்கள். ஏற்கெனவே புழங்கும் பழம்பாகங்களுக்கு விலக்கு கொடுத்துவிட்டு, இனிச் செய்பவற்றுக்குப் பொறிக்கலாம். 1968க்கு முன் அமெரிக்காவில் மலிவான .22 ரைஃபிள்கள் பல எண்ணே இல்லாமல்தான் கடைக்கு வந்தன. அவற்றை அதற்காக யாரும் உருக்கவில்லை. இன்றும் எண்ணில்லாமலே சட்டப்படி கைமாறுகின்றன. அடுத்து வந்தவை எண்ணோடு வந்தன.