எட்டடிக் குழாயும் பதினாறடிக் குழாயும்: டியூபாக்களை ஒப்பிடும் முறை

ஆர்க்கெஸ்ட்ராவின் பித்தளைக் கருவிகளுள் மிகத் தாழ்ந்த சுரங்களைத் தாங்கும் டியூபா, 1835-இல் வில்ஹெல்ம் வீப்ரெக்ட், யோஹான் மோரிட்ஸ் ஆகிய இருவரும் பிரஷ்யாவில் காப்புரிமை பெற்றபோது எஃப் சுருதியில் அமைந்த ஒரு தனிக்கருவியாக இருந்தது. இன்று அப்பெயர் ஒரு குடும்பத்தையே குறிக்கிறது. ஆதலால் எந்த இசைக்கு, எந்த அரங்குக்கு என்று சேர்த்துக் கேளாமல் ‘சிறந்த டியூபா எது’ என்று கேட்பதில் பொருளில்லை.

எஃப் டியூபாவின் குழாய் ஏறத்தாழ 12 அடியும், ஈ-ஃபிளாட் 13 அடியும், சி 16 அடியும், பி-ஃபிளாட் 18 அடியும் நீளமுடையவை. இவற்றுள் சி கருவியை அமெரிக்க ஆர்க்கெஸ்ட்ராக்களும், ஈ-ஃபிளாட்டைப் பிரிட்டிஷ் கலைஞர்களும் பெரிதும் விரும்புகின்றனர். 4/4, 6/4 என்னும் அளவுக்குறிகளோ நீளத்தைச் சுட்டாமல் குழாயின் பருமனையும், நாகசுரத்தில் அணசு எனப்படுவது போன்ற விரிந்த வாயின் அகலத்தையுமே சுட்டுகின்றன. இதற்குப் பொதுவான தரவரையறை இல்லாததால், ஒரு நிறுவனத்தின் 4/4 கருவி மற்றொன்றின் 5/4 கருவிக்கு இணையாக இருக்கவும் கூடும்.

சிகாகோ சிம்பொனியில் 1944 முதல் 1988 வரை வாசித்த ஆர்னால்டு ஜேக்கப்ஸின் டியூபா, மிச்சிகனின் கிராண்டு ராப்பிட்ஸில் யார்க் நிறுவனம் 1930-களில் உருவாக்கிய 6/4 கருவியாகும். அதன் நாதத்தின் புகழால் யமஹா, ஹிர்ஸ்புரூன்னர் நிறுவனங்கள் அதனை முன்மாதிரியாகக் கொண்டு கருவிகள் செய்தன. ஆயினும், பெரிய கருவியே உயர்ந்தது என்ற முடிவுக்கு இது சான்றாகாது. பருத்த குழாய் அகன்ற அடித்தளத்தைத் தருகிறது என்றாலும், விரைந்த தொடர்களில் சுரங்களின் தொடக்கம் மழுங்க இடமுண்டு. மேலும், மேல்நோக்கி விரிந்த வாயின் அடியில் அமர்ந்திருப்பவர் கேட்கும் ஒலி வேறு, அரங்கின் கடைசி வரிசையை எட்டும் ஒலி வேறு. எனவே ஊதுமுனையை மாற்றாமல், பெரிய அரங்கில், தொலைவில் பழகிய செவியுடைய ஒருவரை அமர்த்திச் செய்யும் ஒப்பீடே நம்பத்தக்கது. விற்பனைக்கூடத்தின் சிற்றறையில் எந்தக் கருவியும் தன் உண்மையான இயல்பைக் காட்டுவதில்லை.

பருமனைப் போலவே குழாயின் நீளமும் வேறுபாட்டைத் தருகிறது; அது மிகத் தெளிவாக வெளிப்படும் இடம், முசோர்க்ஸ்கியின் ‘கண்காட்சிச் சித்திரங்கள்’ பியானோ படைப்பை 1922-இல் ராவெல் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு அமைத்தபோது, மாட்டுவண்டியைச் சித்திரிக்கும் ‘பிட்வோ’ பகுதியில் டியூபாவுக்கு அளித்த தனிவாசிப்பாகும். அவர் மனத்திலிருந்தது, மேலே சொன்ன பதினாறடி சி கருவியன்று, எட்டடி நீளமும் ஆறு வால்வுகளும் கொண்ட பிரெஞ்சு சி டியூபா. ஒரு குழாய், தன் அடிச்சுரத்தையும், அதன் அதிர்வெண்ணை 2, 3, 4 எனப் பெருக்கினால் வரும் சீரிசைகளையும் மட்டுமே தரும். மேலே செல்லச் செல்ல அவற்றின் இடைவெளி குறுகும். இத்தனிவாசிப்பின் உச்சமான ஜி-ஷார்ப், எட்டடிக் கருவியில் எட்டாம் சீரிசையாகவும், பதினாறடிக் கருவியில் அதே விரலமைப்பில் பதினாறாம் சீரிசையாகவும் அமைகிறது. முன்னதில் அண்டைச் சீரிசைகள் ஏறத்தாழ முழுச்சுரத் தொலைவில் நிற்க, பின்னதில் அரைச்சுரத் தொலைவிலேயே நெருங்கி நிற்பதால், உதட்டின் இறுக்கம் சற்றே பிசகினாலும் வேறு சுரம் ஒலித்துவிடும். இந்த இடர் கலைஞரின் திறக்குறைவால் வருவதன்று, குழாயின் இயற்பியலால் வருவது. அப்பகுதிக்கு மட்டும் எஃப் டியூபாவையோ யூஃபோனியத்தையோ எடுத்துக்கொள்பவரைக் குறைகூறுவது முறையன்று. அதே கலைஞர், அதே மாலையில், இறுதிப் பகுதியான ‘கீவ் நகரப் பெருவாயி’லின் அகன்ற தாழ்சுரங்களுக்குப் பதினாறடிக் கருவியை மீண்டும் மடியில் ஏந்துகிறார்.