சாந்தம் யார் கண்ணில் தெரிகிறது?

உயர்தர வகுப்பிலே மெய்ப்பாடு எத்தனை என்று கேட்டால், பாதிப் பிள்ளைகள் ஒன்பது என்பார்கள். நவரசம் என்ற சொல் நாக்கில் அப்படி ஒட்டிவிட்டது. தொல்காப்பியர் சொன்னது நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்ற எட்டு. பரதரின் நாட்டிய சாத்திரத்திலும் முதலில் எட்டுத்தான். சாந்தம் பிறகு வந்து சேர்ந்தது. நாமும் எட்டா, ஒன்பதா என்று பார்த்துப் புள்ளி போட்டுவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறோம். மன அமைதி ஓர் உணர்ச்சியா, உணர்ச்சிகளெல்லாம் ஓய்ந்த நிலையா என்ற வழக்கு அந்த எண்ணிக்கைக்குள்ளேதான் கிடக்கிறது.

பத்தாம் நூற்றாண்டில் தசரூபகம் எழுதிய தனஞ்சயர் சாந்தத்தை மேடையில் ஏற்கவில்லை. செயலெல்லாம் அடங்கிப்போன ஒன்றை நடிகன் எதைக் கொண்டு நடிப்பான்? நியாயமான கேள்வி. காஷ்மீரத்து அபிநவகுப்தர் இதற்குப் பதில் சொன்னார்: உச்சநிலையை எந்தச் சுவையிலும் மேடையில் காட்ட இயலாது, காதலிலும்தான், காட்டப்படுவது அதை நோக்கிப் போகும் வழி. மற்ற உணர்ச்சிகள் எழுவதும் திரும்ப அடங்குவதும் சாந்தத்திலேயே என்றும் வாதிட்டார். இந்த இரண்டாவது வாதத்தைத்தான் எல்லோரும் மெச்சுகிறார்கள். மெய்யியலாக அது பெரியதுதான். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது என்று சொல்லிவிட்டால், இந்த நாடகத்தில் அது உண்டு, அந்த நாடகத்தில் இல்லை என்று எப்படிப் பிரிப்பது? விமரிசகனுக்கு முதலாவது வாதமே கை கொடுக்கும்.

ஹர்ஷரின் நாகானந்தத்தைப் பாருங்கள். பாம்புக் குலத்துப் பிள்ளை ஒருவனைக் காப்பாற்ற, கருடனுக்குத் தன் உடலையே இரையாகக் கொடுக்கிறான் ஜீமூதவாகனன். ஆனந்தவர்த்தனர் இதைச் சாந்தத்தோடு சேர்த்துப் பேசினார். தசரூபகத்துக்கு உரை எழுதிய தனிகர் மறுத்தார்: மலயவதி மேல் காதல் கொண்டவன், கடைசியில் வித்தியாதரச் சக்கரவர்த்தி ஆகிறவன், இவனிடம் என்ன சாந்தம்? இது தயையால் வந்த வீரம் என்றார்.

இருவருமே நாயகனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று படுகிறது எனக்கு. நான் பார்ப்பது கருடனை. கொத்தித் தின்றுகொண்டிருந்தவன் திடீரென்று நிறுத்துகிறான். அலறாமல், வெறுக்காமல், மகிழ்ச்சியோடு கிடக்கிற இந்த இரை அவனுக்குப் புதிது. ஏன் நிறுத்திவிட்டாய், உடம்பில் இன்னும் இறைச்சி இருக்கிறதே என்று இரையே கேட்கிறது! அந்த இடத்தில் நமக்குக் கிடைப்பது கருடனின் திகைப்பு. தொல்காப்பியர் சொல்லில் மருட்கை. ஒருவனின் அமைதி மற்றவன் முகத்தில் வியப்பாக ஏறுகிறது. தனஞ்சயர் கேட்ட கேள்விக்கு ஹர்ஷர் முன்னூறு வருஷத்துக்கு முன்பே மேடையில் பதில் வைத்திருந்தார். காதலித்தவன் என்பதும் குறையல்ல. இழக்க ஒன்றுமில்லாதவன் சும்மா கிடந்தால் யாருக்கு என்ன?

தமிழில், எட்டுக்குப் பிறகு தொல்காப்பியர் தரும் முப்பத்திரண்டில் நடுவுநிலை என்று ஒன்று உண்டு. நாடகத்தார் ஒன்பதாவதாகக் கொள்ளும் சமநிலை இதுவே என்கிறார் பேராசிரியர். காமமும் வெகுளியும் மயக்கமும் நீங்கியவரிடமே நிகழ்வது, அதனால் அருகியே வருவது என்று காரணமும் சொல்கிறார். அதாவது துறவிக்குக் கொடுத்துவிடுகிறார். எனக்கு இது அவ்வளவு ஒப்பவில்லை. அந்தப் பட்டியலில் நடுவுநிலைக்குப் பக்கத்திலே நிற்பது அருளல். கொஞ்சம் தள்ளி அடக்கம், அன்பு, நாணுதல், துஞ்சல், கனவு, பொறாமை, வியர்த்தல்கூட. எல்லாம் வீட்டுக்குள்ளே, தெருவிலே புழங்குகிற மனிதருடையவை. நம்மவர் ‘ஸப்ர்’ என்பதை வெறும் சகித்துக்கொள்ளலாகக் குறுக்கிவிட்டது போல, சாந்தத்தையும் காவியுடைக்குள் குறுக்கிவிட்டோம். உரத்து அழுகிற கதைக்கு உணர்ச்சிமிக்கது என்றும், அடங்கிய குரலில் எழுதியவளுக்கு உணர்ச்சி போதாது என்றும் மதிப்புரை எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அத்தகைய கதையில் நாயகியை விட்டுவிட்டு, பக்கத்தில் நிற்பவர் எந்த இடத்தில் கையை நிறுத்துகிறார் என்று ஒருமுறை தேடிப் பார்க்கட்டும்.