பெயரற்ற அறுவர்: பாரதமும் நவீன நாவலும்

இதிகாசத்தை நவீன நாவலாக மீட்டெழுதும் முயற்சி இந்திய மொழி இலக்கியங்களிற் கடந்த அரை நூற்றாண்டுக்கும் மேலாக வலுவானதொரு போக்காக இருந்து வருகின்றது. மராத்தியிற் காண்டேகரின் ‘யயாதி’ (1959), மலையாளத்திற் பி. கே. பாலகிருஷ்ணனின் ‘இனி நான் உறங்கட்டும்’ (1973), எம். டி. வாசுதேவன் நாயரின் ‘இரண்டாம் இடம்’ (1984), கன்னடத்தில் எஸ். எல். பைரப்பாவின் ‘பருவம்’ (1979) ஆகியன மொழிபெயர்ப்பின் வழி தமிழ் வாசகர்க்கும் அறிமுகமானவை. தமிழிலே எம். வி. வெங்கட்ராமின் ‘நித்தியகன்னி’, எஸ். ராமகிருஷ்ணனின் ‘உபபாண்டவம்’ (2000), 2014 தொடக்கம் 2020 வரை 26 நூல்களாக விரிந்த ஜெயமோகனின் ‘வெண்முரசு’, ஈழத்தவரான தேவகாந்தனின் ‘கதாகாலம்’ என இவ்வரிசை நீளும். இவற்றை மதிப்பிட முனைந்தோர் பெரும்பாலும் இரு வினாக்களையே எழுப்பியுள்ளனர்: நாவலாசிரியர் மூலத்துக்கு எவ்வளவு விசுவாசமாக இருந்தார்? மூலத்தை எவ்வளவு துணிவுடன் மீறினார்? இரண்டுமே மூலநூலை அளவுகோலாகக் கொள்வன. மீட்டெழுதப்படும் உலகில் உழைத்தவர் யார், இறந்தவர்களுள் எவர் கணக்கில் எடுக்கப்பட்டனர் என்ற வினா பின்தள்ளப்படுகின்றது. அதனை முன்வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காவியத்துக்கும் நாவலுக்குமுள்ள உறவு மார்க்சியத் திறனாய்வுக்குப் புதியதன்று. கிரேக்கக் கலையின் விளைநிலம் கிரேக்கப் புராணவியலே என்பதையும், இயற்கையின் ஆற்றல்களை மனிதன் உண்மையில் வசப்படுத்தும்போது அப்புராணவியல் மறைந்துவிடுகின்றது என்பதையும் மார்க்ஸ் 1857இல் எழுதிய முன்னுரைக் குறிப்பிலேயே சுட்டினார். காவிய உலகில் வாழ்வின் பொருள் முன்னரே தரப்பட்டுள்ளது. நாவலிலோ அது தேடப்பட வேண்டியதாகின்றது என்பது ஜோர்ஜ் லூக்காச்சின் ‘நாவலின் கோட்பாடு’ தரும் தெளிவு. ஆகவே, இதிகாசத்தை நாவலாக்குதல் என்பது செய்யுளை உரைநடையாக்குதல் அன்று. விதி என்ற ஒரு சொல்லால் விடை கூறப்பட்ட இடங்களிலெல்லாம் காரண காரியத் தொடர்பைத் தேடும் பொறுப்பை அது ஆசிரியர்மீது சுமத்துகின்றது.

இப்பொறுப்பை மேற்கூறிய நாவல்களுட் சில திறம்படவே ஏற்றுள்ளன. பைரப்பாவின் நாவலில் தேவர்கள் இமயமலைப் பிரதேசத்தில் வாழும் ஒரு மக்கட் கூட்டத்தினராகின்றனர். பாண்டவரின் பிறப்பு நியோக வழக்கத்தால் விளக்கம் பெறுகின்றது. தெய்வ அஸ்திரங்கள் ஒளிரவேண்டிய போர்க்களத்தில் உணவுப் பற்றாக்குறையும் அழுகும் பிணங்களின் நாற்றமும் நிறைகின்றன. வாசுதேவன் நாயர், கடோற்கசனின் சாவைப் போரின் இலாபக் கணக்கில் வரவு வைக்கும் அரசியலை, மகனை இழந்த வீமனின் கண்கொண்டு காட்டுகின்றார். பாலகிருஷ்ணனின் திரௌபதி, வெற்றி கிட்டியபின் கர்ணனின் உண்மையை அறிந்து உறக்கமிழக்கின்றாள். புராணத்தின் மாயத்திரையை விலக்கி மனிதரை வெளிக்கொணர்ந்தமை இந்நாவல்களின் முற்போக்கான பங்களிப்பென்பதில் ஐயமில்லை.

ஆயினும் தெய்வம் நீங்கியவுடன் அரண்மனையும் நீங்கிவிடுவதில்லை. இரண்டாம் மகனின் வேதனையாயினும், மறைக்கப்பட்ட மூத்த மகனின் அவலமாயினும், விவாதத்துக்குரிய பொருள் யாருக்கு அரசுரிமை என்பதே. உடைமைக் குடும்பமொன்றின் உள்முரண்பாடு நுண்ணிய உளவியலாக விரிகின்றது; அவ்வுடைமையைத் தாங்கி நிற்கும் மக்கள் திரள் பின்னணிக் காட்சியாகவே எஞ்சுகின்றது. இதனை விளங்கிக்கொள்ள ஆதிபருவத்தின் அரக்கு மாளிகை நிகழ்ச்சி போதுமானது.

வாரணாவதத்தில் குந்தி விருந்தளித்த இரவில் உணவை நாடி வந்த நிஷாதப் பெண்ணொருத்தியும் அவளுடைய புதல்வர் ஐவரும் மதுவுண்டு மாளிகையிலேயே உறங்கிவிடுகின்றனர். வீமன் தீயிடுகின்றான். பாண்டவர் சுரங்க வழியே தப்புகின்றனர். மறுநாட் காலையிற் சாம்பலிடைக் கிடந்த ஆறு உடல்களைக் கண்ட ஊரார், குந்தியும் மக்களும் மாண்டனர் என அழுகின்றனர். அத்தினாபுரத்திலே திருதராட்டிரன் பாண்டவருக்கெனவே இறுதிக் கடன்களைச் செய்விக்கின்றான். நாயகரின் உயிர் தப்புதற்கு ஆறு உடல்கள் தேவைப்பட்டன. அவர்கள் எரிந்தது மாத்திரமன்று. அவர்களின் மரணமும் பிறர் பெயரிலேயே பதிவாயிற்று. காவியம் இவ்வறுவருக்கும் பெயரிடவுமில்லை. இவர்களுக்காகப் பின்னர் எவரும் விடைகூற வேண்டியிருக்கவுமில்லை.

இவ்விடத்திலேதான் வங்க எழுத்தாளர் மகாசுவேதா தேவியின் சிறுகதையொன்று முக்கியத்துவம் பெறுகின்றது. போருக்குப் பின் வனம் புகுந்த குந்தி, கர்ணனைக் கைவிட்ட குற்றத்தை வாய்விட்டுக் கூறித் தன் மனச்சுமையைக் குறைக்க முயல்கின்றாள். கேட்டு நிற்கும் நிஷாதப் பெண், அன்று எரிந்துபோன மூத்த மகனின் மனைவி. குந்தி நினைவுகூரும் பாவங்களின் பட்டியலில் அந்த ஆறு உயிர்கள் இடம்பெறவேயில்லை என்பதை அவள் சுட்டுகின்றாள். பின்னர் காட்டுத்தீ வருகின்றது. காட்டை அறிந்த நிஷாதர் அகன்றுவிடுகின்றனர். அரச குலத்தார் அங்கேயே இருந்து மடிகின்றனர். மூலத்தின் நிகழ்ச்சி எதனையும் மகாசுவேதா மாற்றவில்லை. நிகழ்ச்சிகளை எவர் பக்கம் நின்று நோக்குவது என்பதையே மாற்றுகின்றார். ஆயினும் இது ஒரு சிறுகதையே. அந்நிஷாதர் எவ்வாறு உண்டனர், எவருக்கு உழைத்தனர், அரசோடு அவர்களுக்கிருந்த உறவு யாது என்பவற்றை முழுமையாகக் காட்டும் வாய்ப்பு நாவலுக்கே உண்டு.

இவ்வினா மலையகத்திலிருந்து எழும்போது அதற்குத் தனியானதொரு கூர்மை உண்டாகின்றது. ஹோர்டன் சமவெளியின் அடிவாரத்திலுள்ள டயகமத் தோட்டங்களில், ஏனைய தோட்டங்களிற்போலவே, ஒரு நாளின் உழைப்புக்குப் ‘பேர்’ என்றே பெயர். கொழுந்தின் நிறை குறைந்தால் ‘அரைப் பேர்’. கூலியும் பெயரும் ஒன்றாகிவிட்ட மொழி இது. அரக்கு மாளிகைக் கதையை டயகமவில் ஒருமுறை எடுத்துரைத்தபோது, நெடுங்காலம் கொழுந்தெடுத்த தாயொருவர் கேட்ட வினா, “அந்த ஆறு பேருக்கும் பேர் போட்டாங்களா, தம்பி?” என்பதாகும். அவர் கேட்டது கூலிக் கணக்கையா, இறந்தோர் கணக்கையா எனப் பிரித்துணர இயலாது. அவ்வாறு பிரிக்க இயலாமையே அச்சமூகத்தின் வரலாறு. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து சி. வி. வேலுப்பிள்ளையைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தையும் அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டத் திருத்தத்தையும் அடுத்து வாக்காளர் இடாப்பிலிருந்து பெயர் இழந்தனர். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் அவர்கள் 5,25,000, 3,00,000, 1,50,000 என்னும் எண்களாகவே இடம்பெற்றனர். நாடற்றோராய் எஞ்சியவர்க்கு 2003இலேதான் சட்டம் குடியுரிமை வழங்கியது. இன்று நுவரெலியாவை அடுத்த சீதா எலியவுக்கு இராமாயணத் தலமெனச் சுற்றுலாப் பயணிகள் அழைத்துவரப்படுகின்றனர். மலைகளுக்கு இதிகாசப் பெயர் கிடைத்துள்ளது. வழிநெடுகக் கொழுந்தெடுப்போர் அவ்விதிகாச வரைபடத்தில் இல்லை.

எனினும் இதிகாசம் மலையக மக்களுக்கு வெளியிலிருந்து வந்த பொருளன்று. காமன் கூத்து, பொன்னர் சங்கர் ஆகியவற்றுடன் அருச்சுனன் தபசும் அவர்களின் மரபுக் கூத்தாகும். பாசுபதம் வேண்டித் தவம் புரியச் செல்லும் அருச்சுனனாக வேடமேற்ற தொழிலாளி, நெடிய தபசு மரத்திற் பாடியவாறே ஏறுகின்றான். இதனை நிலமானிய எச்சமென ஒதுக்குவதும், மக்கள் கலையென விமர்சனமின்றிப் போற்றுவதும் ஒருபக்கப் பார்வைகளே. ஒருபுறம், வரம் மேலிருந்து தனியொருவனுக்கே கிட்டுகின்றது. விடிந்ததும் அருச்சுனன் பிரட்டுக்களத்திலே நிற்க வேண்டியவன். மறுபுறம், மகுடத்தின் கீழிருப்பவன் எந்த லயனைச் சேர்ந்தவன் என்பதைக் கூடியிருப்போர் அனைவரும் அறிவர். வீரனையும் தொழிலாளியையும் ஒருசேரக் காணும் இவ்விரட்டைப் பார்வை, அரண்மனைக்குள்ளேயே நின்றுவிடும் நாவல்களுக்கு வாய்க்காதது.

அக்கதையின் உச்சக்கட்டமும் மனங்கொள்ளத்தக்கது. அருச்சுனனோடு பொருதுபவன் வேடன். அவ்வேடன் சிவனே எனத் தெரிந்தபின்புதான் அருச்சுனன் பணிகின்றான். வேடன் தெய்வத்தின் மாறுவேடமாயின் வணக்கத்துக்குரியவன். வேடச்சி வேடச்சியேயாயின் அரக்கு மாளிகையில் எரியத்தக்கவள். ஒரே காவியத்தினுள் அமைந்த இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து நோக்கினாலே அதன் வர்க்கச் சார்பு தெளிவாகும்.

இவ்வாறு கூறுவதனால் நிஷாதப் பெண்ணின் வாயிலே இன்றைய தொழிற்சங்க முழக்கங்களைத் திணிக்க வேண்டுமென்பது கருத்தன்று. அரசகுமாரரை அகற்றிவிட்டு அவ்விடத்தில் ஏகலைவனையோ இடும்பியையோ மாசற்ற நாயகராக அமர்த்துவது, காவியத்தின் வீரவழிபாட்டை ஆள்மாற்றித் தொடர்வதேயாகும். மாதிரிச் சூழ்நிலைகளில் மாதிரிப் பாத்திரங்களை உண்மையுறக் காட்டுவதே யதார்த்தவாதம் என மார்கரெட் ஹார்க்னசுக்கு 1888இல் எழுதிய கடிதத்தில் ஏங்கெல்ஸ் விளக்கினார். அந்நோக்கில், விருந்துக்கு வந்த தாயின் பசிக்குக் காடு எவ்வாறு பறிபோயிற்று என்பதே காரணமாகக் காட்டப்பட வேண்டும். காண்டவ வனத்தை எரித்த செயலோடு அப்பசி இணைக்கப்பட வேண்டும். அப்பொழுது தீ விதியாயிராது. நில உறவுகளின் விளைவாகப் புலப்படும்.

அத்தகைய நாவலுக்கு வேண்டிய அனுபவமும் மொழியும் மலையக எழுத்திலே ஏற்கெனவே உள்ளன. சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய நாட்டார் பாடல்களும், கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’யும், தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’யும் பெயர் மறுக்கப்பட்டோரின் வாழ்வை அவர்தம் வாய்மொழியில் எழுதமுடியும் என்பதை நிறுவியுள்ளன. ஆனால் இம்மரபும் இதிகாச மீட்டெழுத்து மரபும் இதுவரை பெரும்பாலும் ஒன்றையொன்று அறியாதவையாகவே சென்றுள்ளன. முன்னதை ‘வட்டார யதார்த்தம்’ என்றும், பின்னதை ‘பேரிலக்கியம்’ என்றும் வகுத்துவைத்த திறனாய்வுக்கும் இதிற் பங்குண்டு. அவ்வகுப்பைக் கைவிடுவது திறனாய்வாளரின் கடமை. டயகமத் தாயின் வினாவுக்கு விடை காண்பது நாவலாசிரியரின் பணி.