பூதராஜன் வைத்த பந்தி

லூயிஸின் நார்னியாக் கதையில் பனிக்காட்டில் கிறிஸ்துமஸ் தாத்தா மூன்று குழந்தைகளுக்கு வழங்கும் பரிசுகளையும், சத்யஜித் ராயின் படத்தில் வங்கத்து மூங்கில் தோப்பில் பாடகன் குபிக்கும் மேளக்காரன் பாகாவுக்கும் பூதராஜன் அருளும் மூன்று வரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எனக்கு நெடுநாளைய வழக்கம். தாத்தாவின் மூட்டையிலிருந்து வாளும் கேடயமும், வில்லும் கொம்பும், கட்டாரியும் காயம் ஆற்றும் மருந்தும் வெளிவருகின்றன. பூதராஜனோ, நினைத்த மாத்திரத்தில் உணவும் உடையும், நினைத்த இடத்துக்குக் கொண்டுபோகும் பாதரட்சைகளும், கேட்டவரை அசையவொட்டாமல் நிறுத்திவைக்கும் சங்கீதமும் தருகிறான். இவ்விரண்டில் மலைப்பிரசங்கத்துக்கு அருகில் நிற்பது எது என்று என்னைக் கேட்டால், சற்றும் தயங்காமல் பூதத்தின் பக்கமே கை காட்டுவேன்.

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்ற என் நண்பர்கள் இதை ஒப்புவதில்லை. சிலுவைப்பாடும் உயிர்த்தெழுதலும் அஸ்லான் என்னும் சிங்கம் கல்மேடையில் கொல்லப்பட்டு மீண்டெழும் காட்சியில் எவ்வளவு நேராக வந்திருக்கின்றன, ஒரு பேய்க்கதையை அதற்கு ஈடாகச் சொல்லலாமா என்று கேட்கிறார்கள். லூயிஸின் நூலை நான் குறைத்து மதிப்பவனல்லன். கடைசிப் புத்தகத்தில், அந்நிய தெய்வத்தை மனப்பூர்வமாக வழிபட்ட எமெத் என்ற போர்வீரனை அஸ்லான் தன்னவனாகவே ஏற்றுக்கொள்ளும் இடம், நம் தேசத்து வாசகன் எவனையும் ஒரு கணம் நிறுத்தி வைக்கும். நான் குறைகூறுவது 2005-ஆம் வருஷத்துத் திரைப்படத்தைத்தான். 1950-இல் வெளிவந்த மூலத்தில் ஆசிரியர் சில பக்கங்களில் கடந்துவிட்ட யுத்தத்தை, டைரக்டர் ஆண்ட்ரூ ஆடம்ஸன் படத்தின் சிகரமாகவே நீட்டிவிட்டார். உயிர்த்தெழுந்த சிங்கம் அதற்குத் துணைப்படையாக வந்து சேருகிறது. 1988-இல் பி.பி.சி. தொலைக்காட்சி காட்டிய பொம்மைச் சிங்கம் நடக்கத் திணறியது உண்மையே. ஆனாலும் அதன் முகத்தில் இருந்த துக்கத்தைக் கம்ப்யூட்டர் செய்து கொடுத்த பிடரியில் நான் தேடிக் காணவில்லை.

தின்பண்ட விஷயம் ஒன்றும் இருக்கிறது. எட்மண்ட் தன் உடன்பிறந்தாரையே காட்டிக்கொடுக்கும் அளவுக்குச் சூனியக்காரியின் துருக்கி மிட்டாய்க்கு அடிமையாகிறான். அங்கே இனிப்பு என்பது பாபத்தின் வாசல். மிட்டாய்க் கடை இல்லாத தெருவைக் காண்பதே அரிதான இந்தக் கொல்கத்தாவில் அப்படியொரு வேதாந்தம் செல்லுபடியாகுமா? சத்யஜித் ராயின் படத்தில், மந்திரி வயிறு புடைக்கத் தின்றுகொண்டிருக்க, பட்டினியால் எழுந்து நிற்கவும் மாட்டாத ஹல்லா தேசத்துச் சிப்பாய்கள் யுத்தத்துக்கு விரட்டப்படும் வேளையில், குபி பாட, வானத்திலிருந்து மிட்டாய்ப் பானைகள் இறங்குகின்றன. சேனை கலைந்து பானைகளை நோக்கி ஓடுகிறது. யுத்தம் நடக்காமலே போகிறது. வனாந்தரத்தில் பொழிந்த மன்னாவையும், ஐந்து அப்பமும் இரண்டு மீனும் ஐயாயிரம் பேருக்குப் போதுமாயிருந்ததையும் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் கேட்டு வளர்ந்த எவருக்கும் இந்தக் காட்சி எதை நினைவூட்டும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. படத்தின் இறுதியில் ஊமைகளான சுண்டி தேசத்து ஜனங்கள் பேச்சைத் திரும்பப் பெறுகிறார்கள் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

ராய் வேதாகமத்தை மனத்தில் வைத்துத்தான் இதையெல்லாம் எடுத்தார் என்று சாதிக்க நான் வரவில்லை. ஆனால் அவர் பிறந்த குலத்தின் சரித்திரத்தை மறந்துவிடுவதற்கும் இல்லை. பிரம்ம சமாஜத்தின் மூலபுருஷரான ராம்மோகன் ராய் 1820-இல் இதே நகரத்தில் இயேசுவின் உபதேசங்களைத் தனியே தொகுத்து அச்சிட்டபோது, அற்புதங்களை அடியோடு விலக்கிவிட்டு நீதியை மாத்திரம் வைத்துக்கொண்டார். ஸ்ரீராம்பூர் மிஷனரி மார்ஷ்மன் அதைக் கண்டு கொதித்ததும், இருவருக்கும் நடந்த வாதப் பிரதிவாதங்களும் பிரசித்தம். அந்தச் சமாஜத்தைச் சேர்ந்த உபேந்திரகிஷோர் 1915-இல் தம் ‘சந்தேஷ்’ பத்திரிகையில் எழுதிய குழந்தைக் கதையை, அவருடைய பேரர் 1969-இல் திரைக்குக் கொண்டுவருகிறார். பாட்டனார் தலைமுறையினர் பகுத்தறிவின் பெயரால் வெளியே நிறுத்திய அற்புதம், பேரன் தலைமுறையில் ஒரு பேயின் கைபிடித்துக்கொண்டு சமையலறை வழியாக உள்ளே வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றும்போதெல்லாம் சிரிப்பு வருகிறது.

இனி, வரங்களுக்கு முன் பூதங்கள் ஆடும் அந்த நடனம். படம் முழுவதையும் இழக்கச் சம்மதித்தாலும் இந்த ஆறு நிமிஷச் சொச்சத்தை இழக்க நான் சம்மதியேன். ராஜாக்கள், குடியானவர்கள், வெள்ளைக்காரத் துரைகள், தின்று கொழுத்த பெரிய மனிதர்கள் என்று பூதங்களுக்குள்ளும் நான்கு வர்ணம் வகுத்த ராய், ராகத்தின் நிழலும் படாத வெறும் லயத்தை அந்த நடனத்துக்கு வைத்தார். அந்த லயத்தையோ நம் தாளவாத்தியக் கச்சேரியிலிருந்து எடுத்துக்கொண்டார். ராஜாக்களுக்குச் சாஸ்திரீயமான மிருதங்கம், குடியானவர்களுக்குப் பாதி நாட்டுவாசனை வீசும் கஞ்சிரா, துரைமார்களுக்குக் கடம், கொழுத்தவர்களுக்கு முகர்சிங். துரைகளின் நடனத்தை மாத்திரம் குறைந்த வேகத்தில் படம்பிடித்ததால், திரையில் அவர்கள் சாவி கொடுத்த பொம்மைகளைப்போல் வெட்டி வெட்டி நடக்கிறார்கள். அந்த நடைக்குக் கடத்தின் இறுகிய ஒலி எவ்வளவு பொருந்துகிறது என்பதை, கடத்தை மயிலாப்பூர் மேடைகளில் மாத்திரம் கேட்டுப் பழகிய காது முதலில் நம்ப மறுக்கும். கொழுத்தவர்களின் வரிசையில் வியாபாரியோடு பாதிரியாரும் தொந்தியை அசைத்து ஆடுகிறார், முகர்சிங்கின் குறும்புக்கு! நான்கு வகுப்பும் தத்தமக்குள் சண்டையிட்டு ஓய்ந்தபின், ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு அடுக்கில் நின்று ஆடுகின்றன. மதபீடத்தைக் கொழுத்தவர் பட்டியலில் சேர்த்துவிட்டு, மதத்தின் சாரமான அன்னதானத்தை அடுத்த காட்சியிலேயே பூதராஜன் கையில் ஒப்படைத்திருக்கிறாரே, அந்த நகைச்சுவையின் கண்ணியத்தை என்னென்பது? அந்தப் பூதராஜனுக்குக் கருவியால் மாற்றியமைத்துக் கொடுத்த குரலும் ராயுடையதே.

லேக் மார்க்கெட்டில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், மிருதங்கத்தில் நல்ல ஞானமுள்ளவர், நம் வாத்தியங்களைப் பேய்க்கு வாசிக்க வைத்துவிட்டான் வங்காளி என்று கடைசிவரை வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். சுடுகாட்டில் ஆடுகிறவனையே நடராஜன் என்று கும்பிடுகிற நாம் பேய்க்குத் தாளம் போடுவதில் என்ன குறைந்துவிட்டோம் என்று நான் கேட்டதற்கு, ‘அது வேறு, இது வேறு’ என்பதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

குபி பாகா கதையில் பின்னால் வந்த படங்கள் இந்த உயரத்தைத் தொடவில்லை. 1980-இன் வைரராஜன் கதை அரசியலில் கூர்மையானது. பூதம் அதில் பின்னுக்குப் போய்விட்டது. 1992-இல் புதல்வர் சந்தீப் ராய் எடுத்த மூன்றாவது படத்தைப் பற்றிப் பேசாதிருப்பதே மரியாதை. ஷில்பா ரானடேயின் சித்திரப் படத்தில் கைவேலையின் அழகு உண்டு, அதற்கு என் வந்தனம். மற்றபடி இன்று குழந்தைகளுக்கென்று வரும் மாயாஜாலங்களில், முக்கால் மணி நேரம் சேனைகள் மோதாமல் எந்த நன்மையும் ஜெயிப்பதில்லை. பசி என்ற சொல்லே அவற்றில் கேட்பதில்லை. டிசம்பரில் பார்க் ஸ்ட்ரீட்டில் விளக்குகள் வருஷத்துக்கு வருஷம் கூடுகின்றன, கதைசொல்லும் வாய்தான் குறைந்துகொண்டு வருகிறது.

சென்னை சபா காரியதரிசிகளுக்கு ஒரு விண்ணப்பம்: மார்கழியில் ஒரு தனி ஆவர்த்தனத்துக்குப் பிறகு, கறுப்பு வெள்ளையில் அந்த ஆறு நிமிஷத்தையும் திரையிட்டுக் காட்டுங்கள், கான்டீனுக்கு எழுந்துபோகிறவர்கள்கூட நின்று பார்ப்பார்கள்.