உடுக்கைக்கு ஒரு நாற்காலி

கோவை வட்டாரத்தில் கலை பற்றிய கருத்தரங்கு எதற்குப் போனாலும் இப்போது ஒரே வரவேற்புரைதான். கலையும் மானிடவியலும் தொல்லியலும் சேர்ந்து ஆராய்வது 2020 தேசியக் கல்விக் கொள்கை திறந்துவிட்ட வாசலாம். புரிந்துணர்வு ஒப்பந்தம், பொன்னாடை, ஐ.எஸ்.பி.என். எண் போட்ட கனத்த தொகுப்பு. அந்த வாசல் திறந்து அறுபது வருஷத்துக்கு மேலாகிறது. திறந்தவர்களில் பேராசிரியர்கள் குறைவு.

முன்கதை எல்லாரும் அறிந்ததே. திருச்செங்கோட்டு முத்துசாமிக் கோனார் 1934இல் 'கொங்கு நாடு' எழுதினார். வழக்கறிஞரான கோவைகிழார் ராமச்சந்திரன் செட்டியார் எழுதிய கொங்கு வரலாறு 1954இல் வந்தது. பட்டயமும் சதகமும் செவிவழிச் செய்தியும் கலந்த எழுத்துகள். ஊர்ப்பற்று சற்றுத் தூக்கல்தான். ஆனாலும் அவர்கள் திரட்டிக் கொடுத்ததை வைத்துத்தான் பின்னால் வந்தவர்கள் திருத்தவும் மறுக்கவும் முடிந்தது.

துறைகள் உண்மையில் உரசிக்கொண்டது அரச்சலூரில். 1960ஐ ஒட்டி, புலவர் செ. இராசு நாகமலைக் குகையில் ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டைக் கண்டறிந்தார். 'த', 'தை' போன்ற அசைகள் வரிக்கு ஐந்தாக, ஐந்து வரிகள். கிடையாகப் படித்தாலும் நெடுக்காகப் படித்தாலும் ஒன்றே. அசைகளை அடுக்கியவன் தேவன் சாத்தன் என்னும் வண்ணக்கன், பொன்னும் மணியும் நோட்டம் பார்க்கிறவன். காலக் கணிப்பு கி.பி. 2ஆம் நூற்றாண்டுக்கும் 4ஆம் நூற்றாண்டுக்கும் இடையே ஊசலாடுகிறது. எழுத்தைக் கல்வெட்டறிஞர் படித்துவிடலாம். அது ஆட்டத்துக்கான அடைவா, தாளக்கட்டா என்று சொல்லக் காலில் சலங்கை கட்டியவர் வேண்டும். அவரை யாரும் குகைக்கு அழைத்துப்போனதாகத் தெரியவில்லை. இசை வரலாற்று நூல்கள் இந்தக் கல்வெட்டை ஒரு பெருமையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன.

கலைஞரை ஆய்வுக்குள் அழைத்த ஒருவர் வெளியூர்க்காரர். ஆக்ஸ்போர்டு ஆய்வு மாணவி பிரெண்டா பெக் 1964இல் வந்து, காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் குடியிருந்தார். மறு வருஷம் இ.சி. ராமசாமி உடுக்கடித்து இரவு இரவாகப் பாடிய அண்ணன்மார் கதையை ஒலிநாடாவில் பிடித்தார். அதோடு விடாமல், அதே ராமசாமியைக் கதையைச் சொல்லச் சொல்லி எழுத்தரைக் கொண்டு எழுதவும் வைத்தார். ஒரே பாடகர், ஒரே கதை, இரண்டு உரு. சபை எதிரில் இருக்கையில் எது நீள்கிறது, அது இல்லாதபோது எது உதிர்கிறது என்பதற்குத் தமிழில் இதைவிடச் சுத்தமான சோதனை நடந்ததாக எனக்குத் தெரியாது. அந்தச் சோதனையில் பாதி ராமசாமியுடையது. 1982இல் வந்த பெக்கின் 'தி த்ரீ ட்வின்ஸ்' நூலின் அமைப்பியல் அடுக்குகள் எனக்கு அலுப்பூட்டுபவை. அந்த ஒப்பீடு மட்டும் இன்னும் மங்கவில்லை. பிற்காலத்தில் ஓவியர் ரவிச்சந்திரன் ஆறுமுகத்தோடு சேர்ந்து அதே கதையை 26 பகுதி அசைவூட்டத் தொடராக்கினார் பெக். வழங்கிவந்த பிரதியைக் கவிஞர் சக்திக்கனல் 1971இல் பதிப்பித்ததையும் பக்கத்தில் வைத்தால், ஏடு, குரல், நாடா, சித்திரம் என்று ஒரு கதைக்கு நான்கு வழிகள். இவற்றை ஒன்றாக வைத்துப் பாடம் நடத்தும் துறை இங்கே எது?

பாரதியார் பல்கலைக்கழகம் 1982இல் பிறந்தது. அதற்குப் பிறகு தமிழகமெங்கும் நாட்டுப்புறவியல் ஆய்வேடுகள் மலிந்தன. பாடகர் பின்னிணைப்பில் கிடப்பார்: பெயர், வயது, ஊர், கல்வித் தகுதி இல்லை. முன்னுரையில் நெறியாளருக்கு ஒரு பக்கம் நன்றி. இதைச் சேர்ந்து செய்த ஆய்வு என்று அழைக்கக் கூச்சமில்லாத மனம் வேண்டும்.

பல்கலைக்கழக வாசனையே படாமல் நடந்ததையும் பாருங்கள். மேட்டுப்பாளையம் பக்கத்து பத்ரப்பன், ஆண்கள் மட்டும் ஆடிய வள்ளி ஒயில் கும்மியில் பெண்களைச் சேர்த்துப் பழக்கினார். 2024இல் பத்மஸ்ரீ வந்தது. ஆட்ட மரபொன்றில் அவர் செய்த இந்த மாற்றத்துக்கு எந்த நிதிநல்கையும் தேவைப்படவில்லை.

விதி இல்லை என்று யாரும் கைவிரிக்க முடியாது. பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் நடைமுறைப் பேராசிரியர் பதவிக்கு வழி செய்தது. துறையில் 15 ஆண்டு அனுபவம் போதும், பட்டம் கட்டாயமில்லை. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 சதவீதம் வரை நியமிக்கலாம். நுண்கலையும் அந்தப் பட்டியலில் உண்டு. தொழிலதிபர்களும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் மட்டுமே அதற்குப் பொருத்தமானவர்கள் என்று எங்கும் எழுதியில்லை. அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், அந்த இடத்தில் ஓர் உடுக்கடிக் கலைஞரை அமர்த்தி, ஒரு முனைவர் பட்ட மாணவரையும் ஒலிப்பதிவு தெரிந்த இன்னொருவரையும் அவரிடம் ஒப்படைக்கட்டும். ஆய்வேட்டின் முகப்பில் நெறியாளர் என்ற இடத்தில் அவர் பெயர் அச்சாகட்டும்.