‘ஆல்’ என்னும் உருபு

பழைய காக்டெய்ல்களில் சேர்க்கப்பட்ட அப்சிந்த் என்ற பச்சை மதுவைச் சுற்றி ஒரு கதை இன்றும் உலவுகிறது. மரிக்கொழுந்தின் இனத்தைச் சேர்ந்த ஒரு கசப்புச் செடியிலிருந்து அதில் இறங்கும் தூஜோன், குடித்தவருக்கு மாயக்காட்சிகளைக் காட்டும், கொலைவெறி ஊட்டும் என்பது அந்தக் கதை. தடைக்கு முன் அடைக்கப்பட்ட 13 புட்டிகளைச் சோதித்த ஆய்வு 2008இல் வெளியானது. லிட்டருக்குச் சராசரியாக 25 மில்லிகிராம் தூஜோன்தான் இருந்தது. அந்த வெறிக்கு இது போதாது. வீரியம் 70 விழுக்காடு அளவிலிருந்த ஆல்கஹாலுடையது.

வேதியியல் பொய்த்த பிறகும் கதை ஏன் சாகவில்லை? கதையில் நஞ்சு ஒரு பெண் என்பதால்தான் என நினைக்கிறேன். பிரெஞ்சில் அந்த மதுவின் செல்லப்பெயர் ‘பச்சைத் தேவதை’. விக்டர் ஒலிவாவின் 1901ஆம் ஆண்டு ஓவியத்தில், தலையைக் கையில் தாங்கிய ஆணின் மேசைமேல் ஊடுருவித் தெரியும் பச்சை நிர்வாணப் பெண் அமர்ந்திருக்கிறாள். மயக்குபவள் அவள், பரிதாபத்துக்குரியவன் அவன்.

1905 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் கொம்யூஞி கிராமத்தில் ழான் லான்ஃப்ரே என்ற தொழிலாளி, கர்ப்பிணி மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் சுட்டுக் கொன்றான். அன்று அவன் ஏராளமாக ஒயினும் காக்ன்யாக்கும் குடித்திருந்தான். அப்சிந்த் இரண்டு கோப்பைதான். ஆனாலும் அது ‘அப்சிந்த் கொலை’ ஆனது. 1908 பொதுவாக்கெடுப்பில் தடைக்குள்ளானது அப்சிந்த், ஒயின் அல்ல. வாக்களித்தவர்கள் ஆண்கள் மட்டுமே. நான் வாசித்த பதிவுகள் பலவற்றில் கொலைகாரனுக்குப் பெயர் இருக்கிறது, மதுவுக்குப் பெயர் இருக்கிறது. செத்தவள் வெறும் ‘மனைவி’.

வகுப்பில் மூன்றாம் வேற்றுமை நடத்தும்போது, ‘ஆல்’ உருபு கருவிப்பொருளிலும் வரும், கருத்தாப்பொருளிலும் வரும் என்று சொல்லிக்கொடுக்கிறேன். ‘அப்சிந்தால் நடந்த கொலை’ என்னும்போது அந்த உருபுக்குள் ஒரு கருத்தா ஒளிந்துகொள்கிறான். ‘குடியால் நடந்த கொலை’ என்று நாம் எழுதும்போதும் அப்படித்தான். மதுவை நிரபராதி ஆக்குவது என் நோக்கமல்ல. குடிக்கிற ஆணோடு வாழும் பெண்ணுக்கு அதன் விலை தெரியும். ஆனால் துப்பாக்கியை எடுத்தது ஒரு கை. அந்தக் கைக்கு உரியவனை எழுவாயாக வைத்து வாக்கியத்தைத் தொடங்க வேண்டும்: அவன் கொன்றான்.