வயதின் மேல் சுமத்தப்படும் பழி

மலக்குடலில் புற்றுநோய் கண்டால் முன்னாளில் கத்தியே முதல் மருந்தாக இருந்தது. இன்றோ, நோய் குடற்சுவரைக் கடந்து நிற்குமாயின், கதிர்ச் சிகிச்சையும் அதற்குத் துணையான மருந்தும் முதலில் கொடுத்துக் கட்டியைச் சுருக்கிய பின்னரே பெரும்பாலும் அறுவை செய்கின்றனர். இம்முறை முதியவர்க்கு அத்துணைப் பலன் தராது, அவர்தம் கட்டி எளிதில் கரையாது என்று கூறுவார் உளர். இக்கூற்று எந்தக் கணக்கின்மேல் நிற்கிறது?

முதலில் பேராய்வுகளை நோக்குதல் வேண்டும். 1987 முதல் 1990 வரை சுவீடன் நாட்டில் 1,168 நோயாளிகளைச் சேர்த்து ஆய்ந்தனர். அறுவைக்கு முன் ஒரு வாரம் கதிர் பெற்றவருள் ஐந்தாண்டுகளில் நூற்றுக்கு 11 பேருக்கே நோய் அதே இடத்தில் மீண்டது. பெறாதவருள் 27 பேருக்கு மீண்டது. அரிய வெற்றிதான். ஆயினும் 80 வயதை எட்டியவர் அவ்வாய்வில் இல்லை. கதிரும் மருந்தும் அறுவைக்குப் பின் கொடுப்பதினும் முன் கொடுப்பதே நன்று என 2004-ஆம் ஆண்டில் ஜெர்மானியர் நாட்டினர். நோய் மீள்வது நூற்றுக்கு 13-லிருந்து 6 ஆகக் குறைந்தது. அதில் 75 வயதைக் கடந்தவருக்கு இடமில்லை. கதிருக்கும் முன்னதாகவே கடுமையான மருந்துக் கலவை கொடுத்த பிரெஞ்சு ஆய்வு 2021-இல் வெளிவந்தது. கட்டி அடியோடு மறைந்தவர் 12-லிருந்து 28 ஆக உயர்ந்தனர். அங்கும் 75-தான் எல்லை. தேர்வு மண்டபத்துக்குள் விடப்படாத மாணவனைத் தோற்றவன் என்று பதிவேட்டில் எழுதுவது எந்த நியாயம்?

மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டி முதியவரையும் இளையவரையும் ஒப்பிடும் கட்டுரைகளும் உண்டு. கோட்டை 60-இல் கிழிப்பார் சிலர், 70-இல் கிழிப்பார் சிலர். கோடு நகர்ந்தால் முடிவும் நகரக்கூடும். அதனினும் பெரிய குறை ஒன்று. முதியவருக்கு மருந்தின் அளவைக் குறைப்பதும், பாதியில் நிறுத்துவதும் மிகுதி. அரைப்படி உரம் இட்டுவிட்டு மண்ணைக் குறை கூறலாமா? கட்டி முற்றும் கரைந்ததா என்பது வெட்டி எடுத்த குடலை ஆராய்ந்தே எண்ணப்படுவதால், அறுவைக்கே செல்லாத முதியவர் அக்கணக்கில் வருவதும் இல்லை.

காலமும் கணக்கைக் குழப்பும். கதிர் முடிந்து இரண்டு வாரத்தில் அறுத்தவரினும் ஆறு முதல் எட்டு வாரம் பொறுத்து அறுத்தவருக்குக் கட்டி மிகுதியாகக் கரைந்ததென 1999-இல் பிரெஞ்சு ஆய்வொன்று காட்டிற்று. உடல் தேறட்டும் என்று முதியவரின் அறுவையைத் தள்ளிவைத்தால், அப்பலன் வயதின் கணக்கிலா, காத்திருந்த நாளின் கணக்கிலா? இளமையும் எப்போதும் துணை செய்வதில்லை. எளிதில் கரையாத, சளி சுரக்கும் வகைக் கட்டி இளையவரிடையே கூடுதலாகக் காணப்படுகிறது.

முதுமை ஒன்றும் செய்வதில்லை என்பதன்று. சிறுநீரகத்தின் திறன் வயதோடு குறையும். மருந்து உடலில் தங்கும். வயிற்றுப்போக்கும் நீரிழப்பும் முதியவரை விரைவில் வீழ்த்தும். ஆனால் இது உடல் தாங்குவதைப் பற்றிய செய்தி, கட்டி கரைவதைப் பற்றியது அன்று. இரண்டையும் ஒன்றாக்குவதே பிழை. நடை, உணவு, நினைவு, பிற நோய்கள் ஆகியவற்றை ஆராய்ந்து தாங்கும் வலிமையை அளக்கும் முறை இருக்க, பிறந்த ஆண்டை மட்டும் பார்ப்பது சோம்பல்.

இழப்போ பெரிது. பிரேசில் நாட்டில் ஆஞ்செலிதா ஹபர்-காமா என்னும் அறுவை மருத்துவர், 265 நோயாளிகளுள் கட்டி கண்ணுக்குத் தெரியாமல் மறைந்த 71 பேரை அறுக்காமல் கண்காணித்து, 2004-இல் அதனை வெளியிட்டார். அறுவையே பேராபத்தாக உள்ள எண்பது வயதினருக்கு இதனினும் பெரிய பேறு எது? மருந்தை மறுத்தால் அவ்வாய்ப்பும் அவருக்கு மறுக்கப்படுகிறது. மறைந்த கட்டி ஏறக்குறைய நால்வருள் ஒருவருக்கு ஈராண்டுக்குள் மீண்டும் முளைப்பதை 2018-இல் வெளியான பன்னாட்டுப் பதிவேடு காட்டுவதும் உண்மையே. ஆனால் முளைத்தவை பெரிதும் குடற்சுவரிலேயே இருந்தன. விரலாலும் குழாய்க் கருவியாலும் தேடிக் காணக்கூடிய இடம் அது.